அண்ணிக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் முகம் கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது. அண்ணன் வீட்டை இருவர் பேருக்கும் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். தான் வெளியேறினால் மற்றவள் மொத்தத்தையும் வளைத்துப்போட்டுவிடுவாள் என்று இருவருமே அசையவில்லை. அண்ணிக்கு ஒரு கூரியர் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. நாத்தனார் பின்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள்.

டிவி ஸ்பீக்கர் ஒருநாள் கரகரத்து ஓய்ந்துபோனது.

“ஊருக்கே கேக்கற மாதிரி வெச்சா எது தாங்கும்?” என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்து.

அண்ணி திரும்பவில்லை. அந்தத் திமிர்தான் நாத்தனாருக்கு வயிற்றெரிச்சல்.

ஒருத்தி வாங்கி வந்தால் மற்றவள் சும்மா விடமாட்டாள். அதனால் இருவருமே கடைக்குப் போனார்கள்.

“டிவிக்கா, பாட்டுக்கா?” என்று கேட்டார் விற்பனைக்காரர்.

“டிவிக்கு” என்றாள் அண்ணி. “பாட்டுக்கு” என்றாள் நாத்தனார்.

“ரெண்டுக்குமே ஆகற வயர்லெஸ் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருக்கும்மா. வாயால சொன்னாப் போதும், கேக்கும்.”

“சொன்னா கேக்குமா? அப்போ எங்க வீட்டு ஆளுங்களுக்கு இது எவ்வளவோ தேவலை” என்றாள் நாத்தனார்.

“சொல்ற வாய் அப்படின்னு அவகிட்ட சொல்லுங்க சார்” என்றாள் அண்ணி.

அவர் பாவம், அவசரமாக ஒரு நாடகக் காட்சியை ஓடவிட்டார்.

“கொஞ்சம் கூட்டுங்க” என்றாள் அண்ணி. கூட்டினார். “இன்னும்.” பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பேச்சு தெளிவா இல்லையே.”

நாத்தனார் அப்போதுதான் கவனித்தாள். அண்ணி கழுத்தைத் திருகி வலது காதை ஸ்பீக்கரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் இடப்பக்கமாகப் போய் நின்று, “அண்ணி” என்றாள். அசைவில்லை. குரலை உயர்த்திக் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. விற்பனைக்காரர் கைகாட்டியதும்தான் அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“காது கேக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன? நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, திமிருன்னு நெனச்சு...”

“சொன்னா? என் ஆபீசுக்கே போன் போட்டு வேலைக்கு வேட்டு வெச்சிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?”

நாத்தனார் பார்வையை விலைச்சீட்டுக்குத் திருப்பினாள். போன மாதம் கோபத்தில் அந்த நம்பரை ஒருமுறை தேடி எடுத்தவள்தான் அவள்.

விற்பனைக்காரர் ஒரு அமைப்பை மாற்றினார். இசை அடங்கி, பேச்சு மட்டும் மேலே எழுந்தது. சத்தத்தைக் குறைத்தும் அண்ணியின் கழுத்து நேரானது.

“இதே மாதிரி இன்னொண்ணை வேற ரூம்ல வெச்சா, அங்க பாட்டு, இங்க டிவி. ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு இல்ல” என்றார்.

“அதைத்தான் கேட்டேன்” என்றார்கள் இருவரும். ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெருவின் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள்.

அடுத்த வாரம் அண்ணியின் மேலாளர் வீட்டுக்குப் போன் செய்தார். “உங்க அண்ணி சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்றாங்கன்னு புகார் வருது. காதுல ஏதாவது கோளாறா?”

நாத்தனார் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.

“காதா? நான் மனசுக்குள்ள திட்டறதே அவங்களுக்குக் கேக்குது சார். உங்க லைன்ல கோளாறு இருக்கும், பாருங்க.”

சாயங்காலம் வந்த அண்ணி செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள். “எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?”

நாத்தனார் எழுந்து எதிரே வந்து நின்றாள்.

“உங்களுக்கு யாரு போன் பண்ணப்போறா?” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தன் ஸ்பீக்கரிடம் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னாள்.