ராதைக்காக நின்றவள்

அம்மாவின் முதுகுக்குக் கீழே இன்னொரு தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தாள் மகள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இன்றைக்குத் தாங்காது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அப்பாவ வரச் சொல்லு," என்றாள் அம்மா. "சும்மா வந்து உக்காரட்டும். பலகை, பென்சில் எதுவும் வேணாம்."

அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். பிரார்த்தனைக் கூடத்துக்காக வரையும் படம் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணன் வந்துவிட்டான், காத்துக் காத்துச் சலித்த ராதை, கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்க்கிறாள். கண்ணன் முடிந்து, மரம் முடிந்து, மயில்கூட முடிந்துவிட்டது. ராதையின் முகம் மட்டும் வரைவதும் துடைப்பதுமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அப்பாவின் படங்களுக்கு முன்னால் நின்று அழுகிறவர்கள் உண்டு. கண்ணன் ராதையின் பாதத்தைத் தன் தலைமேல் வைத்துக்கொள்ளும் படத்தைக் காட்டி, சாமியே அன்புக்கு முன்னால் மண்டியிட்ட கதையை அவர் சொல்ல ஆரம்பித்தால் கல்லும் கரையும். அந்தப் பாதம் அம்மாவுடையது. அவர் வரைந்த எல்லா ராதைகளின் கையும் கழுத்தும் அம்மாவுடையவைதான். "இப்படி நில்லு" என்பார். அடுப்பில் எது தீய்ந்தாலும் அம்மா நிற்பாள். கொசு கடித்தாலும் அசைய மாட்டாள். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் அவளைக் கண்ணெடுத்துப் பார்ப்பார். மற்றபடி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே குடித்தனம் நடத்திய மனிதர். நினைத்தாலே மகளுக்கு வயிறு எரியும்.

"அப்பா, அம்மா கூப்பிடறாங்க."

"இதோ, இந்தக் கண்ண மட்டும்..."

"அவங்களுக்கு நேரம் இல்லப்பா."

பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். பலகையும் கூடவே வந்தது.

மகள் வாயைத் திறப்பதற்குள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறியது. அப்படி ஒரு முகத்தை மகள் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. பென்சில் தாளில் இறங்கிவிட்டது.

"வேணாம்பா. சும்மா இருங்க கொஞ்ச நேரம்," என்றாள் மகள்.

"இதுதாம்மா," என்றார். "இந்த முகத்ததான் தேடிக்கிட்டிருந்தேன்."

விட்டுவிடு என்பதுபோல் அம்மா மகளைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, கையை மெல்லத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முழங்கைக்குத் தலையணையைக் கொடுத்துவிட்டு மகள் சமையலறைக்குப் போனாள். கோபத்தில் தீப்பெட்டியைத் தேடவே நேரமாயிற்று. அழுதுகொண்டே தண்ணீரைச் சுடவைத்தாள்.

திரும்பி வந்தபோது பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாரு, இந்த நெலமையிலயும் அசையாம இருக்கா," என்றார் அப்பா. பெருமையாகத்தான் சொன்னார். "மோவாய மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்லும்மா."

மகள் ஸ்பூனில் வெந்நீர் எடுத்து அம்மாவின் வாயில் விட்டாள். அது உதட்டோரமாக வழிந்து தலையணையை நனைத்தது. மறுபடியும் விட்டாள். அதுவும் வழிந்தது.

"போதும்பா," என்றாள்.

"இதோ, முடிஞ்சிருச்சு."

உறவுக்காரர்கள் வந்து, உயிர் எப்போது பிரிந்தது என்று கேட்டார்கள். "தெரியலையே," என்றார் அப்பா. "பாத்துக்கிட்டேதான இருந்தேன்." வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். அப்புறம் பெரிய படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார். ராதைக்கு இன்னும் முகமில்லை. காலையில் வரைந்த தாள் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது அம்மாவின் கை இறங்கவில்லை. அப்பாவின் தங்கையான அத்தை முழங்கையை நீவி நீவிப் பார்த்தாள். விறைத்துப்போயிருந்தது.

"வண்டி வந்து நிக்குதுடி. இழுத்துத்தான் விடணும்போல."

"இழுக்காதீங்க அத்தை."

அப்பா வாசற்படியில் வந்து நின்றார். விரலெல்லாம் நீலம் காய்ந்திருந்தது. இரண்டு பேரையும் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், குழாயடிக்குப் போனார். தேய்த்துத் தேய்த்துக் கழுவும் சத்தம் உள்ளே கேட்டது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கன்னத்தில் இருந்த அந்தக் கையைத் தொட்டார்.

"இறக்கினா வலிக்குமா இவளுக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"தெரியலப்பா," என்றாள்.

அவர் இறக்கவில்லை. பிடித்தது பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நேரமாகிறது என்று அத்தை கண்ணைக் காட்டினாள். மகள் தெருவுக்குப் போய் வண்டி டிரைவரிடம், "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ணே," என்றாள். அவர் என்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.