காலங்குலத்தின் இருட்டு மாதங்கள்

குளிர் நாட்டு ஊரொன்றில் திரைச்சீலை தைக்கும் கடை அது. கீழே கடை, மேலே குடித்தனம். புருஷன் வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து வருவார். பெண்டாட்டி துணியை வெட்டுவாள். அவருடைய அக்கா மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். அவர் டேப்பை வைத்தால் கால் அங்குலம்கூடப் பிசகாது என்று வாடிக்கைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் காலங்குலம்.

அந்தக் காலங்குலம் அளந்து கொடுத்த திரை ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தது. பல் டாக்டர் வீட்டம்மா அதை மேஜைமேல் விரித்துப் போட்டாள்.

"ஜன்னலுக்குத் திரை கேட்டா அரைப்பாவாடை தைச்சுக் குடுத்திருக்கீங்களே, ஜன்னலுக்கு முழங்கால் தெரியுது."

அக்கா சிரித்துவிட்டாள். பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதத்தில் திரும்பி வந்த மூன்றாவது திரை அது. அவள் வெட்டியதில் தப்பில்லை. அளவு நோட்டில் உயரமே ஒன்பது அங்குலம் குறைத்து எழுதியிருந்தது.

வந்தவளைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, பழைய நோட்டுகளையும் இறக்கினாள். நாலு வருஷத்து நோட்டுகள். ஒவ்வொரு வருஷமும் நாலு மணிக்கே விளக்குப் போடவேண்டிய மாதங்கள் வந்ததும் அவர் எழுத்து சிறுத்துக்கொண்டே போயிருந்தது. அடித்தல், திருத்தல், பக்கத்துக்குப் பக்கம் 'மறுதையல்' என்று அவளே சிவப்பில் போட்ட குறிப்பு. மரங்கள் துளிர்க்கும் சமயத்தில் எழுத்து மறுபடி நிமிர்ந்து நின்றது.

வருஷத்துக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் வருஷம் சளி. அடுத்த வருஷம் முதுகுவலி. அதற்கடுத்த வருஷம் கண் மங்குகிறது என்று கண்ணாடியை மாற்றினார்கள். போன வருஷம் காரணம் தேடவும் சலித்து, 'குளிர்ல அவன் இப்படித்தான்' என்று விட்டுவிட்டார்கள்.

"அண்ணி, இது உடம்பு நோவு இல்ல போலிருக்கு" என்றாள் அக்காவிடம்.

"சோம்பல்ம்மா. மணி பதினொண்ணு, துரை இன்னும் கண்ணத் திறக்கல. எழுந்தா பன்னு பன்னா உள்ள போகுது. எனக்கும்தான் குளிருது, நான் என்ன படுத்துட்டா தைக்கிறேன்?"

அவரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகப் பெண்டாட்டி படாத பாடு பட்டாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். அதைக்கூடக் கோபமாகக் கேட்கத் தெம்பில்லை. நோட்டைக் காட்டினாள். தன் எழுத்தைத் தானே அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா நாலு நோட்டையும் பொறுமையாகப் புரட்டினார். தூக்கம், சாப்பாடு, வேலை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, "படுக்கிற ரூம்ல காலைல வெளிச்சம் எப்படி வரும்?" என்றார்.

பெண்டாட்டிக்கு இது தன் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. முகம் மலர்ந்துவிட்டது.

"வரவே வராது டாக்டர். இவரு நல்லாத் தூங்கட்டும்னு நானே வெட்டி, அண்ணி தைச்ச திரை. மூணு அடுக்கு. பட்டப்பகல்லயும் உள்ளங்கை தெரியாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் சின்னச் சத்தத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"திரையால வந்த நோயில்லம்மா இது. பகல் குறையற காலத்துல சிலருக்கு மனசும் உடம்பும் இப்படிச் சுருண்டுடும். அது சோம்பல் இல்ல, மனச்சோர்வு நோய். காலை வெளிச்சம் இதுக்கு ஒரு மருந்து. அத நீங்க தெரியாமத் தடுத்துட்டீங்க, அவ்வளவுதான்."

அவரது கண்ணில் கோளாறு ஏதும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, இதற்கென்றே செய்த வெளிச்சப்பெட்டி ஒன்றை எழுதிக் கொடுத்தார். எழுந்ததும் அரைமணி நேரம் அதன்முன் உட்கார வேண்டும். உற்றுப் பார்க்க வேண்டாம். பகலில் கொஞ்சம் வெளியே நடக்க வேண்டும். கூடவே எழுதிய மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக் கூடாது. பிறகு அவரைப் பார்த்து, "செத்துடலாம்னு தோணுதா?" என்று கேட்டார், பசிக்கிறதா என்று கேட்பதுபோல.

"இல்ல" என்றார் அவர், தரையைப் பார்த்து.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "வீட்லயும் கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துடுமோன்னு பயப்படாதீங்க, வராது. ஆமான்னு சொன்னா தனியா விடாம உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

அன்றைக்கே மூன்றடுக்குத் திரையைக் கழற்றினாள். மறுநாள் காலை வெளிச்சப்பெட்டியை ஏற்றி, எதிரே தானும் உட்கார்ந்துகொண்டாள். அவர் உட்கார்ந்தார். அரைமணி முடிந்ததும் எழுந்தார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்த அக்கா, "என்னடா தம்பி, உன்னத் துவைச்சுக் காயப் போட்டிருக்காளா?" என்றாள். முன்பென்றால், 'நீயும் வாக்கா, ரெண்டு பேரும் காயலாம்' என்று பதில் வந்திருக்கும். இப்போது வெளிச்சம்தான் அவர் முகத்தில் விழுந்தது.

நாள் தவறாமல் எழுதி வைத்தாள். எழுந்த நேரம், உட்கார்ந்த நேரம், மாத்திரை, நடை. ஏழாம் நாள் கொஞ்சம் பேசினார் என்று எழுதியிருந்தாள். எட்டாம் நாள் அதற்கெதிரே எழுத ஒன்றும் இல்லை. எந்தத் துணியாக இருந்தாலும் இழுத்துப் பிடித்து நேராக்கத் தெரிந்தவள் அவள். இந்த மனுஷனில் எந்த முனையைப் பிடிப்பது என்று தெரியவில்லை. மரம் துளிர்த்தால் சரியாகிவிடுவார், நாலு வருஷமும் ஆனாரே என்று மனசு சமாதானம் சொல்லிற்று. துளிர்க்க இன்னும் பத்து வாரம் இருந்தது.

ஒன்பதாம் நாள் அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வெளுத்துவிட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்னங்க, எழுந்திரிங்க. அரைமணி நேரம்தானே."

"நீ கீழ போ. வேலையக் கெடுத்துக்காத. நான் இல்லன்னாலும் கடை நடக்கும்."

கடைசி வார்த்தைகள் அவளை நிற்கவைத்துவிட்டன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொன்ன கேள்வியைக் கேட்டாக வேண்டும். 'ச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?' என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார். அப்படிக் கேட்பது கேட்பதே ஆகாது.

"செத்துடலாம்னு தோணுதாங்க?"

அவர் சுவரைப் பார்த்தபடியே, "கொஞ்ச நாளாவே" என்றார். "உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டியேன்னு..."

தாங்குகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தாள்.

"வேணாம். யாருக்கும் சொல்லாத."

"சொல்லத்தான் போறேன்" என்றாள். டாக்டரம்மாவின் எண்ணை அழுத்தினாள். டாக்டரம்மா எடுத்தார். கேட்டார். இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள், வரும்வரை பக்கத்தைவிட்டு நகராதீர்கள் என்றார்.

"அண்ணி!" என்று மாடியிலிருந்து கூப்பிட்டாள். மெஷின் சத்தம் நின்றது. அக்கா ஏறி வந்தாள். வாயில் ஏதோ கிண்டல் தயாராக இருந்தது. தம்பி முகத்தைப் பார்த்ததும் அது உதட்டிலேயே நின்றுவிட்டது.

"என்னடா?"

பெண்டாட்டி சொன்னாள். சொல்லும்போது சாவு என்ற வார்த்தையை மெல்லவில்லை, விழுங்கவுமில்லை.

மூட்டுவலிக்கார அக்கா மெல்ல மண்டியிட்டு, கட்டிலடியிலிருந்து அவர் காலுறையைத் தேடி எடுத்தாள். ஒரு பாதத்தைத் தன் மடியில் வைத்து மாட்டினாள். மற்றதற்குப் பெண்டாட்டி குனிந்தாள்.

அவர் காலை நீட்டிக் கொடுக்கவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை.