எல்வுட்டோடு போக வேண்டிய மட்டை

செத்துப் போனவன் பக்கத்தில் யாராவது விளம்பரப் பலகையை வைப்பார்களா? என் அண்ணன் மகன் டிரென்ட் வைத்தான். காலையில் சோள சூப்புக்கு உப்புப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், எல்வுட் அண்ணனின் சவப்பெட்டிக்குள் அவன் கையை ஒட்டி மட்டையின் கறுப்புக் காம்பு ஒன்று பளபளவென்று கிடக்கிறது. அதன் மேல் தங்க எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே 'எல்வுட் 9' என்று அண்ணன் பெயரும் அவனுடைய பழைய ஜெர்சி எண்ணும். காம்பின் முனையில் பிளாஸ்டிக் தலை, அதில் மஞ்சள் நைலான் வலை. இரண்டு நாளாகப் பிணத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அப்போதெல்லாம் வராத அருவருப்பு இதைப் பார்த்ததும் வந்தது.

"டேய் டிரென்ட்! இந்தக் கருமத்தை யாருடா உள்ள வச்சது?"

"நான்தான் அத்தை. மெதுவாப் பேசுங்க, ஆளுங்க இருக்காங்க."

ஆளுங்க இருந்தார்கள்தான். சுவரோரம் வரிசையாக நாற்காலி போட்டு, மடியில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி வீசுகிற எங்கள் ஆட்டத்தில் மட்டை பிடித்தவர்கள். ஒருத்தனாவது வாயைத் திறந்து, "தம்பி, இது சரியில்லை" என்று சொன்னானா?

மர மட்டையாக இருந்தால் நான் விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டேன். எங்கள் பூர்வகுடியில் ஆண்களின் மர மட்டையைப் பெண்கள் தொடுவதில்லை. மட்டைகள் சாய்த்து வைத்திருக்கிற வீட்டில் பிறந்து, மட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தும், இந்த வயது வரைக்கும் ஒன்றையும் தொட்டதில்லை. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் சனியனுக்கு என்ன தீட்டு? செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் தூக்கி டிரென்ட் நெஞ்சில் வைத்தேன்.

"அத்தை, இது என்னன்னு தெரியாமப் பேசுறீங்க. முழுக்கக் கார்பன். அவ்வளவு லேசு. வீசுறப்போ காம்பு லேசா நெளிஞ்சு குடுக்கும், பந்து பறக்கும். குளிர்ல கையில ஜில்லுனு ஏறாது. அப்பாவுக்கு முதுகு வலி வேற..."

"செத்தவனுக்கு என்னடா முதுகு வலி?"

நாற்காலி வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

டிரென்ட் பெரிய ஆட்டக்காரன். நகரத்து அரங்கில் அவன் பெயரைப் போட்டு பனியன் விற்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரன் அவனுக்குப் புதுக் காம்பு அனுப்புகிறான். இது கனம், இது லேசு, இதற்குப் பிடிமானம் போதாது என்று தடவித் தடவிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கார் கொட்டகையில் எறிவான். எறியட்டும், அது அவன் பிழைப்பு. ஆனால் என் அண்ணன் போகிற இடம் நகரத்து அரங்கம் இல்லையே. மட்டை பிடித்தவன் செத்தால் அன்றைக்கே அங்கே அவனுக்கு ஆட்டம் இருக்கிறது. படைத்தவன் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம். இங்கே என்ன கொடுத்து அனுப்புகிறோமோ அதோடுதான் களத்தில் நிற்பான். பெட்டியை மூடிவிட்டால் பிறகு மாற்றிக் கொடுக்க வழி கிடையாது.

பிரான்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் எல்வுட் என்னிடம் இதைத்தான் சொன்னான். மூக்கில் குழாய், பேச்சு பாதி காற்று. "வெர்னா, பயலுக எதையாவது கையில குடுத்து அனுப்பிருவானுங்க. நீ பாத்துக்க. ஹிக்கரி மரத்து மட்டை. இடது கைக்கு வளைச்சது." சரி அண்ணா என்றேன். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. வீட்டை யாருக்கு, லாரியை யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மட்டை ஒன்றுதான்.

"உங்க அப்பாவோட ஹிக்கரி எங்கடா?"

"இருக்கு அத்தை. எடுத்துட்டு வரேன்."

"அதை முதல்லயே எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"வரேன்னு சொல்றேன்ல!"

காரை எடுத்துக்கொண்டு போனான். மதியத்துக்குள், எங்கள் சடங்குகள் நடக்கிற லாங்ஹவுஸில் பேச வேண்டியதைப் பேசி அண்ணனை மண்ணில் வைத்துவிட வேண்டும். நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வாசலில் டெல்பர்ட் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் இருந்த எரிச்சல் இரண்டு பங்காயிற்று.

எங்கள் ஊரில் குலங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தவை; எங்கள் பக்கத்தில் சாவு என்றால் எதிர்ப் பக்கத்துக் குலத்தார்தான் வந்து குழி வெட்ட வேண்டும். அந்த முறைக்கு வந்தவன் டெல்பர்ட். முழங்கால் வரை சேறு. வாயில் புகையிலை. கையில் ஒரு காகிதக் கோப்பை, அதில் துப்பித் துப்பிப் பாதி நிறைந்திருந்தது. இந்த ஆள்தான் ஒரு இறுதியாட்டத்தில் காம்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து அண்ணன் முதுகில் இடித்து விலா எலும்பை ஒடித்தவன். அப்படி இடிப்பது ஆட்டத்தில் செல்லும் என்பார்கள். செல்லட்டும், விலா எங்கள் வீட்டு விலா. அதற்குப் பிறகு அவனும் அண்ணனும் பேசிக்கொண்டதே இல்லை. அரங்கில் ஒருவன் இந்தப் பக்கப் படியில் உட்கார்ந்தால் மற்றவன் அந்தப் பக்கப் படிக்குப் போய்விடுவான்.

"குழி வெட்டியாச்சு," என்றான் டெல்பர்ட்.

"சரி."

"மட்டையில ஏதோ தகராறாமே?"

"அது எங்க வீட்டு விஷயம்."

"நான் சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லிக் கோப்பையில் துப்பினான். த்தூ, மனுஷனா இவன்?

டிரென்ட் திரும்பி வந்தபோது கையில் மர மட்டை இருந்தது. ஒரு நொடி எனக்கு மனது குளிர்ந்தது. அடுத்த நொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மேலே வார்னிஷ் பூசிக் கண்ணாடி மாதிரி மின்னியது. காம்பைச் சுற்றிப் பாசிமணி, நுனியில் கோந்து போட்டு ஒட்டிய சாயக் கோழி இறகு. நெடுஞ்சாலையில் சிகரெட் கடைக்காரர்கள் சுற்றுலாக்காரர்களுக்கு, கெட்ட கனவைத் தடுக்கும் என்கிற கனவு வலையோடு சேர்த்துத் தொங்கவிட்டு விற்பார்களே, அந்தச் சாமான். பரிதாபம் என்னவென்றால், அந்த இறகைக்கூட அவனுக்குப் பிய்த்துப் போடத் தோன்றவில்லை.

"அப்பாவுதுதான். மெருகு போட்டு வச்சிருந்தேன்," என்றான்.

"அப்படியா? கிட்ட கொண்டு வா. என் கண்ணு முன்னாடி புடி."

பிடித்தான். நான் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை.

"உங்க அப்பன் எந்தக் கைக்காரன்டா?"

"இடது கை."

"இது எந்தக் கைக்கு வளைச்சிருக்கு?"

டிரென்ட் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் தலைக்கு இரண்டு பக்கமும் ஒன்று, எந்தக் கையாலும் ஆடலாம். மர மட்டை அப்படியில்லை. மரத்தை வேக வைத்து ஒரு பக்கமாகத்தான் வளைப்பார்கள், இன்னொரு பக்கம் தோல் நரம்பால் பின்னிய சுவர்தான். அதனால் பிறக்கும்போதே அது வலது மட்டை அல்லது இடது மட்டை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிடித்தவனுக்கு அது மறந்தே போய்விட்டது. தன் அப்பனை, ஊரே பயந்த இடக்கைக்காரனை, வலக்கை மட்டையோடு படைத்தவன் முன்னால் நிறுத்தப் பார்த்தான். அங்கே கோமாளி மாதிரி நிற்க வேண்டியதுதான் என் அண்ணன்.

"உண்மையைச் சொல்லு. ஹிக்கரி எங்க?"

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைச் சுவர், கண்ணாடிப் பெட்டி, பெட்டியின் கதவு திறந்திருக்கிறது. கம்பெனிக்காரி ஒருத்தி சிவப்பு நகத்தோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். அவள் இரண்டு கையிலும் என் அண்ணனின் ஹிக்கரி மட்டை. குழந்தையைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி பிடித்திருக்கிறாள்.

"அப்பா பேர்ல புதுக் காம்பு செஞ்சு விக்கிறோம்னாங்க அத்தை. ஆபீஸ்ல வைக்க ஒரிஜினல் வேணும்னாங்க. அப்பா பேரு ஊர் ஊராப் போகும்ல? அவருக்குப் பெருமைன்னுதான் நெனச்சேன்."

"அவன்கிட்டக் கேட்டியா?"

"அப்போ ஆஸ்பத்திரியில இருந்தாரு."

"உயிரோடதானே இருந்தான்!"

"திருப்பிக் கேக்குறேன் அத்தை. இப்பவே போன் பண்றேன். பிளேன்ல போட்டு அனுப்பச் சொல்றேன்."

"எதுக்கு? அவ கையெல்லாம் பட்ட மட்டையை எவன்டா இனி உள்ள வைப்பான்? இவ்வளவு தெரியாதா உனக்கு? தெரியாதுன்னு மட்டும் சொல்லிராத, செருப்பு பிஞ்சுரும்."

"தெரியும்," என்றான் மெல்ல.

தெரிந்தே செய்திருக்கிறான். அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கு என்ன தெரியும்? இவன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறான். சீ என்று ஆகிவிட்டது. இவனுக்குத் தொட்டில் ஆட்டியவள் நான்.

திரும்பி நாற்காலி வரிசையைப் பார்த்தேன். "யார்கிட்டயாவது இடது மட்டை இருக்கா? ஹிக்கரி. வாயைத் திறந்து சொல்லுங்க."

ஒருவர் என்னுடையது வலது என்றார். ஒருவர் என்னுடையது வெடித்துவிட்டது என்றார். இடக்கைக்காரர்கள் மூன்று பேர் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், எனக்குத் தெரியாதா? ஒருவர் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒருவர் சூப்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்றார். மூன்றாமவர் கழிப்பறைக்குப் போனார். அவரவர் மட்டையை அவரவர் பெட்டிக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டால் நாளைக்குத் தான் எதோடு போவது? நியாயம்தான். நியாயமாக இருந்தும் எனக்கு அத்தனை பேர் மேலேயும் அருவருப்பாக இருந்தது. எல்வுட் தோளில் ஏறிக் கோப்பை வாங்கியவர்கள்தானே எல்லாரும்.

வாசலைப் பார்த்தேன். டெல்பர்ட்டைக் காணோம். மண்வெட்டியைப் படியில் சாய்த்துவிட்டுப் போயிருந்தான், அந்த எச்சில் கோப்பையையும் படியிலேயே வைத்துவிட்டு. வேடிக்கை பார்த்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க ஓடிவிட்டான் என்று நினைத்தேன்.

பெட்டியைத் தூக்க ஆட்கள் எழுந்தார்கள். "கொஞ்சம் இருங்க," என்றேன். எதற்கு இருக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. டிரென்ட் சுவரில் சாய்ந்து, கறுப்புக் காம்பை ஒரு கையிலும் இறகு ஒட்டிய மட்டையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான்.

"வெறுங்கையோட போகட்டுமா அத்தை?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு லாரி வந்து நின்றது. டெல்பர்ட் இறங்கினான். சேற்றுக் காலோடு நான் துடைத்து வைத்த கூடத்துக்குள் நேராக நடந்து வந்தான். கையில் ஒரு மட்டை. காம்பு வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருந்தது, பிடிக்கிற இடத்தில் பழைய துணிப் பட்டை. வலை முழுக்கத் தோல் நரம்பு. இடது பக்கத்துக்கு வளைத்தது.

"ஹிக்கரி," என்றான்.

"பொம்பளை கை பட்டதா?" என்று மட்டும் கேட்டேன்.

"என் வீட்டுல ஏது பொம்பளை? எவ இருந்தா அந்த வீட்டுல?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெல்பர்ட் சிரிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, மட்டையை எல்வுட்டின் இடது கையோடு சேர்த்து வைத்தான். விரலுக்கு அடியில் காம்பு சரியாக உட்காரும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"இந்தக் காம்பு உனக்குத் தெரிஞ்சதுதான்டா எல்வுட்," என்றான். "உன் விலாவுக்கு நல்லாத் தெரியும்."

"டெல்பர்ட், இது உன் பெட்டிக்கு வச்சிருந்ததுதானே?"

"ஆமா."

"அப்ப உனக்கு?"

"ஒண்ணு செய்யச் சொல்லணும். மரம் காயணும், வளைக்கணும், ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் நான் சாக முடியாது வெர்னா. வெறுங்கையோட போய் இவன் முன்னாடி நிக்கச் சொல்றியா? கொன்னே போட்ருவான்."

சொல்லிவிட்டு அவன் வெளியே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். ஆட்கள் மூடியை வைத்தார்கள். டிரென்ட் அப்போதுதான் அழ ஆரம்பித்தான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.