சாமியானா ஜரிகைக்கு வந்த மீன்

கோட்டைமேட்டு பஷீர் பாய்க்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த சங்கதி. கல்யாணங்களுக்குச் சாமியானாவும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற மனுஷர். தான் பந்தல் போட்ட கல்யாணமெல்லாம் தானே முன்னின்று நடத்திவைத்தது என்கிற மாதிரிதான் பேசுவார். அதற்காக யாரும் அவரை வெறுத்ததில்லை. அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த நீள வாய்தான் தொண்ணூற்றாறு மே மாதம் அவரை உக்கடம் மீன் மார்க்கெட்டில் வகையாக மாட்டிவிட்டது. சுஃப்யான் கடையில் மத்தி வாங்கப் போனவர், ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சுஃப்யான், போன நோன்புக்கு ஐஸ்ல வெச்ச மீனா இது? அடுத்த வாரம் நாங்க குடும்பத்தோட ஊட்டிப் பக்கம் ஏரிக்குப் போறோம். ட்ரவுட்டுன்னு ஒரு மீன் இருக்குது, வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்டது. என் கையால பிடிச்சு உனக்கும் காட்டறேன். மீனுன்னா என்னன்னு அப்பத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுஃப்யான் சின்ன வயதிலிருந்து பஷீரோடு சுற்றியவன், லேசில் விடுகிற ஆள் இல்லை.

"சரிங்க பாய். உங்க கையால பிடிச்சுக் கொண்டாந்தா ஒரு மாசத்துக்கு உங்க ஊட்டுக்கு மீன் சும்மா. இல்லீன்னா ஒரு ஞாயித்துக்கிழமை இந்தப் பலகையில உக்காந்து என் கடை மீனை நீங்க வெட்டிக் குடுக்கோணும். சம்மதமா?"

"எழுதி வெச்சுக்கோ!" என்றார் பஷீர். தூண்டிலை அதுவரை அவர் தொட்டதுகூட இல்லை.

எமரால்டு ஏரிக்கரையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த அரங்கசாமி, மகள் கல்யாணத்துக்குப் பஷீரிடம்தான் பந்தல் எடுத்திருந்தார். ஏரியை ஒட்டிய புல்வெளியில் தங்கிக்கொள்ளச் சொன்னார். ரீல் வைத்த பழைய தூண்டில் ராடு ஒன்றைக் கொடுத்தார், ஆபீசில் சொல்லி ஒரு நாளைக்கு மீன்பிடிக்கும் பர்மிட்டும் வாங்கித் தந்தார். டென்ட் வேண்டுமா என்று அவர் கேட்டதற்குத்தான் பஷீருக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்மிடம் இல்லாத டென்ட்டா?

அப்படித்தான் சிவப்பும் மஞ்சளுமாய், நாலு பக்கமும் ஜரிகைத் தொங்கல் ஆடுகிற கல்யாணச் சாமியானா மெட்டடோர் வேனில் மலையேறியது. கூடவே பிரியாணி தேக்சா, சோறு கொட்டுகிற மூங்கில் கூடை, கலர் பாட்டில் வைக்கிற ஐஸ் பெட்டி. போகிறதோ நாலு பேர். பஷீர், மனைவி சபுரா, பிளஸ் ஒன் முடித்திருந்த மகள் யுஸ்ரா, பஷீரின் தம்பி ஷாநவாஸ். ஆனால் அம்பது பேருக்குக் குறைவாக ஏற்பாடு செய்ய பஷீருக்குக் கை வராது.

"அத்தா, இதுக்குள்ளயா தூங்கறது? சீரியல் லைட்டும் கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள் யுஸ்ரா.

"கரண்ட் இருக்காதுன்னு அதை மட்டும் விட்டுட்டு வந்துட்டேன் கண்ணு" என்றார் பஷீர் நிஜமான வருத்தத்தோடு.

மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் சாமியானாவைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று கேட்டார்கள். யுஸ்ரா வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். பஷீர் சளைக்கவில்லை. "கல்யாணமில்லீங்க, மீன் பிடிக்க வந்திருக்கோம். மத்தியானம் எல்லாரும் சாப்பிட வந்துருங்க" என்று அழைப்பு வைத்துவிட்டார்.

சாப்பாடு தயாரானது. மீனைத்தான் காணோம். மைதா உருண்டை போட்டார், மண்புழு போட்டார், பிரியாணிக் கறியில் ஒரு துண்டையே கோத்துப் போட்டார். மீன்கள் கரைக்குக் கொஞ்ச தூரத்தில் துள்ளித் துள்ளி விளையாடின, தூண்டிலை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பர்மிட் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. வெயில் இறங்க இறங்க பஷீருக்குச் சுஃப்யானின் பலகை கண்முன்னே வந்து நின்றது. அந்தப் பலகையில் தான் உட்கார்ந்திருக்க, மார்க்கெட்டே சுற்றி நின்று சிரிக்கிற காட்சி.

ஆத்திரத்தில் ராடை ஓங்கிப் பின்னால் வீசினார். கொக்கி ஏரிக்குப் போகாமல் சாமியானாவில் மாட்டியது. வெடுக்கென்று இழுத்ததில் ஜரிகைத் தொங்கலில் ஒரு கொத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

தேக்சா கழுவிக்கொண்டிருந்த சபுரா எழுந்து வந்தாள். அந்தச் சாமியானாவில் எங்கே கிழிந்தாலும் ஒட்டுப்போடுகிறவள் அவள்தான். திட்டப்போகிறாள் என்று பஷீர் நினைத்தார். அவளோ கொக்கியில் தொங்கிய ஜரிகையையே பார்த்தாள். சாயங்கால வெயிலில் அது மினுங்கியது. பிறகு ஏரியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த மீனெல்லாம் தண்ணிக்கு மேல பறக்கற பூச்சியைத்தானே தாவித் தாவிப் பிடிக்குது? நான் மத்தியானமிருந்து பார்த்துட்டே இருக்கேன். பூச்சி கேக்கறதுக்குப் போயி நீங்க பரோட்டா மாவு குடுத்தா?"

"வர்றவங்கெல்லாம் யோசனை சொல்லுங்க" என்றார் பஷீர்.

சபுரா போய், காலையில் ஷாநவாஸ் அறுத்த கோழியின் இறகுக் குவியலில் ஒரு செம்பட்டை இறகைப் பொறுக்கினாள். அதைக் கொக்கியில் வைத்து, ஜரிகை நூலால் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். பார்க்கப் பூச்சி மாதிரியும் இருந்தது, யுஸ்ராவின் பழைய ஜிமிக்கி மாதிரியும் இருந்தது. ராடை வாங்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். தூரமாய் வீசவெல்லாம் இல்லை. பக்கத்திலேயே விட்டு, தண்ணீரின் மேல் சன்னமாய்ச் சுண்டிச் சுண்டி இழுத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. இன்னொரு தரம் விட்டாள். அப்போதும் இல்லை. பஷீர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போன நேரத்தில் தண்ணீர் பிளந்தது, ராடு வில்லாய் வளைந்தது.

"விடு, விடு! என்கிட்டக் குடு!" என்று பஷீர் பாய்ந்தார்.

"கையை எடுங்க!" என்றாள் சபுரா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. பஷீர் கையை எடுத்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மீன் ஓடும்போது நூலை விட்டும் அது ஓயும்போது சுற்றியும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைக்குக் கொண்டுவந்தாள். சும்மா நிற்க முடியாமல் பஷீர் மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு கைலியோடு தண்ணீரில் குதித்து, மீனை அடியோடு அள்ளினார்.

முழங்கை நீளத்துக்கு இருந்தது. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, விலாவில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை. யுஸ்ரா "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து சபுராவைக் கட்டிக்கொண்டாள். மேலே தேயிலைச் சரிவில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்ற பஷீருக்கு ஒரு கணம் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன். மறுகணம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூச்சு வாங்க, முடி கலைந்து, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நம்ம சபுராவா இது என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது அவருக்கு.

வேனில் சாமான் ஏற்றும்போது ஷாநவாஸ் காதோரம் வந்தான். "அண்ணே, கவலையை விடுங்க. கூடையில அள்ளுனது நீங்கதானே? உங்க கையாலதானே மீன் வெளிய வந்துச்சு? பொய்யும் இல்ல, பந்தயமும் போகாது."

சபுராவும் கேட்டுவிட்டாள். "அவரு சொல்றது சரிதானுங்க. நீங்க பிடிச்சதாவே இருக்கட்டும். பொம்பளை மீன் பிடிச்சா என்ன, ஆம்பளை பிடிச்சா என்ன? கொழம்புல எல்லாம் ஒண்ணுதான்."

பஷீர் தலையாட்டினார். நியாயமாகத்தான் பட்டது. ஊட்டியில் பெட்டிக்கு ஐஸ் வாங்கி மலையிறங்கினார்கள். குன்னூரில் வண்டி நின்றபோது சபுரா மெதுவாகப் பெட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நின்றபோது மறுபடியும் திறந்தாள். புள்ளி வைத்த முதுகை ஒரு விரலால் தடவினாள்.

பஷீர் பார்த்ததைக் கவனித்ததும் சட்டென்று மூடினாள். "ஐஸ் கரைஞ்சிருச்சான்னு பார்த்தேனுங்க."

அதற்குப் பிறகு கோயமுத்தூர் வரும்வரை பஷீர் வாயே திறக்கவில்லை. காய்ச்சலா என்று யுஸ்ரா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை மார்க்கெட்டில் பெட்டியைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. சுஃப்யான் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து அசந்துபோனான். ஐஸ் மீனைக் கேலி செய்தவர் ஐஸிலேயே கொண்டுவந்திருக்கிறாரே என்று குத்திக்காட்டக்கூட மறந்துவிட்டான். "தோத்துட்டேன் பாய். மெய்யாலுமே உங்க கையால பிடிச்சதுதானா?"

ஒரு மாதத்து மீன். அதைவிட, ஊரெல்லாம் பேசப்போகிற பேச்சு. ஷாநவாஸ் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தான். பஷீரின் கண்ணுக்குள் அந்த ஒற்றை விரல்தான் தெரிந்தது.

"இல்ல" என்றார். "எங்க ஊட்டம்மா பிடிச்சது. நான் கூடை மட்டும்தான் பிடிச்சேன். எடு அந்தப் பலகையை."

மீனை சபுராவே பொரித்தாள். சுஃப்யான் குடும்பத்துக்கும் ஒரு பங்கு போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஷீர் பலகையில் உட்கார்ந்தார். கையெல்லாம் செதில், சட்டையெல்லாம் மீன் ரத்தம். சிரிக்கலாமென்று வந்தவர்களுக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. மத்தியை வெட்டிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஜரிகை பிய்ந்தது, இறகைக் கட்டியது, ராடு வளைந்தது, கையை எடுங்க என்று சபுரா தன்னை அதட்டியது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அதட்டியதைச் சொல்லும்போதுதான் குரல் இன்னும் உயர்ந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் யுஸ்ராவோடு சபுரா வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

"எவ்வளவு பெருசு இருக்கும் பாய்?" என்று ஒருவர் கேட்டார்.

வழக்கமான பஷீராக இருந்தால் இரண்டு கையையும் ஆள் நீளத்துக்கு விரித்திருப்பார். அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தார். முழங்கையை மடக்கி, விரல் நுனி வரை காட்டினார். "இவ்வளவுதான். ஒரு இஞ்சுகூடக் கூட்டிச் சொல்லலீங்க. அவ பிடிச்சதுக்கு நான் எதுக்குக் கூட்டோணும்?"

அப்போதுதான் நிமிர்ந்து சபுராவைப் பார்த்தார். எழுந்து நின்று, "வழி விடுங்க, வழி விடுங்க. இவங்கதான் அவங்க" என்றார். கூட்டம் இரண்டாய் விலகியது. மார்க்கெட்டுக்கு வந்தால் தலைகுனிந்தே நடக்கிற சபுரா, தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"அரைக் கிலோ மத்தி குடுங்க" என்றாள். "செவுள் சுத்தமா எடுத்திருக்கோணும்."

எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னதில் பாதியைக் கழிக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.