நாலு பேருக்கான அறை

காலை ஆறு மணிக்கே பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்த உட்கார்ந்துவிடுவோம். வெயில் ஏறிவிட்டால் மருந்தை நம்ப முடியாது. செருப்பை வாசலில் கழற்றி, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, ரப்பர் விரிப்பில் சம்மணம் போட்டால் மதியம்தான் எழுந்திருப்பது. வட்டமாகக் கட்டி நிறுத்திய அட்டைக் குழாய்களில் மருந்தைக் கையால் தள்ளித் தள்ளி நிரப்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் வியர்வையும் வெள்ளிப் பொடியும் சேர்ந்து முழங்கை வரை மினுங்கும். துப்பினால் எச்சிலும் மினுங்கும். சுவரில் 'ஆட்கள் 4' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதன் கீழே எட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம்.

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. அது இந்தக் கம்பெனி கற்றுக்கொடுத்தது. விஸ்வநத்தத்திலிருந்து எங்கள் ஆட்களோடு ஒரு வேன் வரும். காரியாபட்டிப் பக்கமிருந்து இன்னொரு வேன். அதில் வருகிறவர்கள் மழையில்லாமல் காட்டைத் தரிசு போட்டுவிட்டு வந்த நிலக்காரர்கள். அப்படிப்பட்டவர்களின் காட்டில் களை எடுத்தவர்கள் எங்கள் ஆத்தாமார். போர்மேன் காசிராஜன் இரண்டு வேன் ஆட்களையும் ஒவ்வோர் அறையிலும் கலந்துதான் உட்கார வைப்பார். ஒற்றுமைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். கலந்து உட்கார்ந்தால் பேச்சு எழாது, அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வயதில் நான் அஞ்சல் வழியில் சமூகவியல் படிக்கிறேன். மதியச் சோற்றுக்குப் பிறகு வேம்பின் அடியில் நோட்டை விரித்துக் குறிப்பெடுப்பேன். சமூகம் ஓர் உடல், உறுப்புகள் தத்தம் வேலையைச் செய்வதால் நிலைக்கிறது என்று முதல் பாடம். எல்லோரும் சிலவற்றைப் பொதுவாக ஒப்புக்கொண்டதால் நிலைக்கிறது என்று இரண்டாம் பாடம். இருப்பவன் இல்லாதவனை அடக்கி வைத்திருப்பதால் என்று மூன்றாம் பாடம். மூன்றாவது கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதால்தான் எங்கள் கம்பெனி நிற்கிறது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அதில் எனக்கு எரிச்சல்தான்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஏழாம் அறையில் தீப்பிடித்தது. கதவோரம் இருந்தவர்கள் வெளியே வந்து விழுந்தோம். மூலையில் இருந்த அய்யம்மாள் மதினிக்கு வழி கிடைக்கவில்லை. இரண்டு கையும் வெந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பதினோரு வருசம் வேலை பார்த்தவள், ஆனால் வருகைப் பதிவில் அவள் பேர் கிடையாது. அறைக்கு நாலு பேர்தான் பதிவில் இருப்பார்கள். எனக்குச் சோறு கொடுக்க வந்த சொந்தக்காரி அவள் என்று ஆபீசில் ஒரு சாட்சித் தாள் தயாராகிவிட்டது. அந்தத் தாள் செல்லுபடியாகிவிட்டால் அவள் தொழிலாளியே இல்லை. வைத்தியமும் நிவாரணமும் யாரோ ஒருத்திக்கு எதற்கு?

பதிவில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். மிச்சம் காரியாபட்டி வேனில் வரும் மூக்கம்மாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவளின் கட்டைவிரலில் நீல மை இருந்தது. மூன்று சாட்சி சேர்ந்தாயிற்று, மதினியின் கதை முடிந்தது என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க மனசுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருவதாக இருந்தது. விடியக்காலையில் ஒன்பதாம் அறையில் மூக்கம்மாளுக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம். நான் இங்கே வேலைக்கு வந்த இரண்டு வருசத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது:

"ரேகை வச்சுட்டீக போல."

குழாயிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "யாரு சொன்னா?"

"வெரலு சொல்லுதே."

முந்தானையை உதறிக் காட்டினாள். ஓரத்தில் நீலமாக அப்பியிருந்தது. "போர்மேன் கையப் பிடிச்சு மையில அமுக்கிட்டான். தாளுல படுறதுக்கு முன்ன உருவிச் சேலையில தொடச்சுட்டேன். ரேகை வைக்காட்டி இனிமே வேன்ல ஏறாதங்கான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டயா? ஆள் பேர எளுதி ஆபீசுல குடுக்கிறவளே நீதான?"

"நானா?"

"பெறகு தெனமும் மரத்தடியில என்னத்த எளுதுற? நீ நோட்ட எடுத்தா எங்க வேன்ல ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "பரிட்சைக்குப் படிக்கேன்," என்றேன்.

"இந்த வயசுலயா? என்ன படிப்பு?"

"மனுசங்க எப்பிடிச் சேந்து இருக்காகங்கிற படிப்பு."

"எங்கன சேந்து இருக்கோம்?" என்றாள் மூக்கம்மாள். நான் மருந்தை அள்ளினேன்.

ஒன்பது மணிக்கு முதலாளி நவநீதகிருஷ்ணன் எங்களை முற்றத்தில் கூட்டினார். "கம்பெனி ஒரு உடம்பு மாதிரிம்மா. நான் தலை, நீங்க கையும் காலும். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தாத்தான் உடம்பு நிக்கும். சீசன்ல சீல் வச்சா எல்லாருக்கும் கஷ்டம். ஆபீசர் வந்தா ரூமுக்கு நாலு பேரு இருங்க. மத்தவங்க பின்னால ஓடைக்குள்ள இறங்கிக்கோங்க."

என் முதல் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்தார். புத்தகத்தை எழுதினவர்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒடம்புன்னா, கை வெந்தா தலைக்கு வலிக்கணும்ல மொதலாளி," என்றது ஒரு குரல். மூக்கம்மாள். "ஒங்களுக்கு வலிச்சுச்சா?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "நீ காடுகரை வச்சிருந்த குடும்பத்துக்காரி. அவளுக்காக நீ ஏன் பேசணும்?"

"ஆறு வருசமா எம்பக்கத்துல இருந்து மருந்து செலுத்துனவ. அவகூட ஒரு வாய் பேசுனதில்ல. அது என் தப்பு. அதுக்காக அவ ஆளே இல்லன்னு ஆயிருமா?"

நான் அவளுக்குக் கிட்டப் போய் நின்றேன். "நான் சோறு வாங்கலய்யா. மதினி அங்க வேலைதான் பாத்தா," என்றேன்.

பின்வரிசையில் எங்கள் வேன்காரி ஒருத்தி கேட்டாள்: "பதிவுல பேரு இல்லாத நாங்க நாப்பது பேரும் சோறு குடுக்க வந்தவகதானா?"

"சீல் வச்சா நாளைக்கு அடுப்பு எரியாது, பாத்துக்கோங்க," என்றார் முதலாளி.

"தெரியுது. பயமாத்தான் இருக்கு," என்றாள் மூக்கம்மாள்.

அதிகாரியின் ஜீப் வாசலில் திரும்பியது. "ஓடைக்குப் போங்க, போங்க," என்று காசிராஜன் கையை வீசினார். எனக்கு உள்ளூர நம்பிக்கையில்லை. யார் முதலில் நழுவுவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் நழுவவில்லை.

"ஏழாம் அறையில எத்தனை பேர் இருந்தீங்க?" அதிகாரி நாற்காலியில் அமர்ந்து படிவத்தை விரித்தார்.

"நாலு பேரு சார்," என்றார் காசிராஜன்.

"எட்டு. எட்டாவது ஆளு ஆஸ்பத்திரியில கெடக்கா," என்றாள் மூக்கம்மாள். பிறகு என் தோளைத் தொட்டாள். "எனக்கு எளுத்துத் தெரியாது. என்ன எளுதுறாருன்னு வாசி."

எட்டிப் பார்த்தேன். இங்கே ஒன்று எழுதி ஆபீசில் ஒன்று எழுத மாட்டார் என்று யார் கண்டது? அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன். "பெயர், அய்யம்மாள்." பின்னால் நின்றவர்கள் அதை வாங்கிச் சொன்னார்கள். "ஊர், விஸ்வநத்தம்." அதையும் சொன்னார்கள். 'வேலை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதிகாரி முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"பட்டாசுத் தொழிலாளின்னு போடுங்க சார்," என்றது ஒரு குரல். காரியாபட்டி வேன்காரி. அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

பேனா நகரவில்லை. மூக்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மெதுவா எளுதுங்க சார். நாங்க நிக்கோம்."