பன்னிரண்டாவது பெயர்

சேதராப்பட்டிலிருந்து பஸ் ஏறி, மகள் ஆதிலட்சுமியோடு வேம்பு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது தம்பியின் பெயரைக் கல்லில் பார்க்கத்தான். எண்பத்திரண்டாம் வருஷம். விடுதியில் செத்துப்போன பிள்ளைகளுக்குக் கல் நடுகிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்று புதிதாக வந்த பாதிரியார் ஆளனுப்பியிருந்தார். நாற்பத்தைந்து வருஷம் கழித்து மன்னிப்பாம்!

பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துப் பாதிரிமார்கள் இருளர் குடிசைகளில் புகுந்து, சோறு போட்டு நாகரிகம் கற்றுத்தருகிறோம் என்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். வேம்புக்கு ஒன்பது வயது, தம்பி அம்மாவாசைக்கு ஆறு. வந்த அன்றே பெயரை மாற்றினார்கள். வேம்பு மார்கரீத் ஆனாள். தம்பியைப் பையன்கள் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவனைக் காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். கொடுத்துவைத்தவன் என்று பொறாமைப்பட்டாள், பாவி. நாலு வருஷம் கழித்து அவள் வீடு திரும்பியபோது அம்மா ஓடிவந்து கேட்டாள்: "தம்பி எங்கடி?"

செத்தான் என்று யாரும் சொல்லாததால் அம்மா கடைசிவரை அவனுக்காக ஒப்பாரி வைக்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எவளாவது மாரடிப்பாளா என்பாள்.

ஆதிலட்சுமி கல்லைப் படித்தாள். "ழோசேப், அந்துவான், பவுல்..." மொத்தம் பதினோரு பெயர். அம்மாவாசை இல்லை.

"இதுல ஒண்ணு உங்க தம்பிதாம்மா," என்றார் பாதிரியார். கண் கலங்கியிருந்தது, நல்ல மனுஷன்தான். "ரெஜிஸ்தர்ல இங்க வச்ச பேரு மட்டுந்தான் இருக்கு. எதுன்னு தெரியல."

"அவன் பேரையும் சேத்து எழுதுங்க சாமி."

"எறந்தது பதினோரு பேரும்மா. பன்னெண்டுன்னு ஆயிட்டா தப்பாயிடுமே."

"தப்பாவட்டும் சாமி. அந்தப் பதினோரு பேரும் நீங்க பேரு வச்ச புள்ளைங்க. எங்க புள்ளைய நீங்க இன்னும் திருப்பித் தரல."

பாதிரியார் வகுப்பறையிலிருந்து சாக்குக்கட்டி எடுத்துவந்து, கல்லின் முன் மண்டியிட்டு, கடைசிப் பெயருக்குக் கீழே எழுதினார். நாளைக்கே ஆள் வைத்துச் செதுக்கிவிடுவதாகச் சொன்னார்.

ஆதிலட்சுமி அதை வாய்விட்டு வாசித்தாள்.

அம்மா வைக்காத ஒப்பாரியை வைக்க வேம்பு தரையில் உட்கார்ந்து மார்பில் அறைந்துகொண்டாள். செத்தவனின் அழகைச் சொல்லித்தான் பாட்டை எடுக்க வேண்டும். அவன் கண்ணைச் சொல்லலாமா, சிரிப்பைச் சொல்லலாமா என்று தேடினாள். இங்கே வந்த அன்றைக்கு மழித்துவிட்ட மொட்டைத்தலையைத் தவிர அவனைப்பற்றி வேறெதுவும் அவளுக்கு நினைவில் வரவில்லை.