கோழிக்குப் போன கீரை

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்கு நாக்கு செத்துவிடும். போட்டெல்லாம் கட்டிக் கிடக்கும். வீட்டில் மீன் வாசமே இருக்காது. எங்கள் கிளிஞ்சல்மேட்டில் மீன் இல்லாத சோற்றைச் சோறு என்றே யாரும் சொல்வதில்லை. என் மனைவி கனகம் மட்டும் இதுதான் சாக்கு என்று முருங்கைக்கீரை, தண்டுக்கீரை என்று இறங்கிவிடுவாள். போன வருடம் எனக்கு பிரஷர் என்று சொன்னதும் உப்பையும் குறைத்தாள். கருவாட்டுப் பானையைக் கொண்டுபோய் அவள் அம்மா வீட்டில் வைத்துவிட்டாள்.

நான் சண்டைக்காரன் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் இதற்குச் சண்டை போடவில்லை. அவள் உள்ளே போகும் நேரம் பார்த்து, கீரையை வழித்துக் கொல்லையில் கோழிக்குப் போட்டேன். "இதெல்லாம் ஆடு மாடு தின்னுறது" என்று மகள் பாரதிப்ரியாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் தன் தட்டை நீட்டினாள். கனகம் வந்து காலித் தட்டுகளைப் பார்த்துப் பூரித்துப்போவாள். சாயங்காலம் நானும் மகளும் கோட்டுச்சேரிக்குப் போய் புரோட்டா தின்போம்.

விளையாட்டாகத்தான் தொடங்கினேன். தடை முடிந்து நான் கடலுக்குப் போன பிறகும் மகள் அதை விடவில்லை.

இந்த வருடம் ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள்.

"கீரை, காயெல்லாம் குடுக்கறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெனமும் குடுக்குறேம்மா. ஒரு எலகூட மிச்சம் வைக்க மாட்டா" என்றாள் கனகம்.

"சும்மா சொல்லாதீங்க. ஒழுங்கா சமைச்சுப் போட்டிருந்தா புள்ள இப்படியா இருக்கும்?"

கனகம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். ஏலக்கூடத்தில் பத்துப் பேரை அடக்குகிற வாய், அப்போது ஒட்டிக்கொண்டது.

பாரதிப்ரியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அம்மா மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான் அம்மாவுக்குத் தெரியாம கோழிக்குப் போட்டுட்டேன். அப்பா எல்லாத்தயும் சாப்புடுவாங்க" என்றாள்.

"அப்பாவப் பாத்துக் கத்துக்கக் கூடாதா பாப்பா?"

அதற்குப் பதில் அந்த அம்மா என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வெளியே வந்ததும் கனகம் மகள்மேல் கையை ஓங்கினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவள அடிக்காத. கத்துக்குடுத்தது நான்தான். ஒரு வருசமா நானும் கோழிக்குத்தான் போடுறேன்."

கனகம் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "காலையில ஒக்காந்து ஆஞ்சு ஆஞ்சு ஆக்குனதெல்லாம் கோழிக்கா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏம்ப்பா சொன்னீங்க? நான்தான் உங்கள மாட்டிவிடலயே."